வால்பரைசோவுக்கு அரை நாள் பத்தாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சுற்றுலாப் பக்கத்துல சிலி நாட்டுத் துறைமுக நகரம் வால்பரைசோ பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். போட்டோ எல்லாம் சூப்பர், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா தலைநகர் சான்டியாகோவுல காலைல பஸ் ஏறுனா மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம், அரை நாள் போதும்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் மனசு ஒப்பல. முதுகுல பையை மாட்டிக்கிட்டு அந்த ஊரை நடந்தே சுத்துனவன்ங்கற உரிமைல எழுதறேன், நீளமாப் போனா வெட்டிக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம், காலைல போறவங்களுக்கு அந்த மலை வீடுங்களோட கலரே சரியாத் தெரியாது. பசிபிக் கடல் அந்தப் பக்கம் செம குளிர், அதனால பல நாள் காலைல கடல்ல இருந்து மூடுபனி ஏறி மலையை அப்படியே மூடிக்கும், எல்லா வீடும் சாம்பல் கலர்லதான் இருக்கும். பதினொண்ணு பன்னெண்டு மணிக்கு மேல வெயில் அடிச்சாத்தான் மஞ்சளும் நீலமும் ரோஸும் வெளிய வரும், அந்த நேரத்துக்கு உங்க கட்டுரையை நம்பிப் போனவரு திரும்பி வர்ற பஸ்ல உக்காந்திருப்பாரு.

அந்த ஊரோட அமைப்பே நடக்கறவங்களுக்குத்தான் புரியும். கடலை ஒட்டி ஒரு ஒல்லியான சமதளம், அங்க துறைமுகம், பேங்க், மார்க்கெட், அப்புறம் ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயம் அமெரிக்காவுல செஞ்ச, மேல கம்பில கரண்ட் எடுத்து ஓடற டிராலிபஸ் (நான் போனப்ப நல்லாவே ஓடிக்கிட்டு இருந்துச்சு). சமதளம் முடிஞ்ச உடனே சுவர் மாதிரி குன்றுங்க எழும்பும், நாப்பதுக்கு மேல இருக்கு, ஜனங்க குடியிருக்கறது பெரும்பாலும் அதுமேலதான். மேல போக படிக்கட்டு, சந்து, இல்லைன்னா நம்ம பழனி விஞ்ச் மாதிரி தண்டவாளத்துல இழுத்துட்டுப் போற பொட்டி. முதல் விஞ்ச் கான்செப்சியோன் குன்றுல 1883ல ஓட ஆரம்பிச்சது, ஒரு காலத்துல முப்பது வரைக்கும் இருந்துச்சாம், இப்ப பதினாறுதான் மிச்சம், அதுலயும் பாதி ரிப்பேர்னு பூட்டிக் கிடக்கும். பொலாங்கோன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது சாய்வாவே போகாது, மலைக்குள்ள சுரங்கத்துல நடந்து போய் அங்கேருந்து நேரா மேல தூக்கற லிஃப்ட், உள்ள ஈர வாசனையும் மங்கலான வெளிச்சமும், மேல வந்து கதவு திறந்தா மொத்தத் துறைமுகமும் காலடில. ஆனா சுத்திப் பாக்க வர்றவங்களுக்காகப் போட்டதில்ல இதெல்லாம், நான் ஏறுன பொட்டில ஒரு பாட்டி கேஸ் சிலிண்டரை காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு நின்னாங்க.

"வண்ணங்கள் கொஞ்சும் நகரம்"னு தலைப்பு போட்டீங்க, சரி, அந்த வண்ணம் எதுக்கு வந்துச்சுன்னு ஒரு வரி இல்ல. அங்க பாதி வீடு மரச்சட்டமும் மண்ணும், வெளிய நெளிநெளியான தகரம் அடிச்சிருப்பாங்க. கப்பல்ல வந்து இறங்குன தகரம்னும், கப்பலுக்கு அடிச்சு மிச்சமான பெயின்டைத்தான் ஆளாளுக்கு வாங்கி அடிச்சாங்கன்னும் ஊர்ல சொல்றாங்க. உப்புக்காத்துல தகரம் துருப்பிடிக்கும்ல, பெயின்ட் அடிச்சே ஆகணும். கிட்டப் போய் பாத்தா பச்சை உரிஞ்ச இடத்துல அடில நீலம், அதுக்கும் அடில துரு. 1906ல பெரிய பூகம்பம் வந்து ஊரு நொறுங்குச்சு, 1914ல பனாமா கால்வாய் திறந்ததும் தென் அமெரிக்காவைச் சுத்தி வந்த கப்பல் எல்லாம் ரூட் மாறிருச்சு, பணம் வேற ஊருக்குப் போயிருச்சு. காசில்லாததால இடிச்சுக் கட்ட முடியாம பழசு அப்படியே நின்னதுங்கறது என் கணக்கு, அந்தப் பழசுக்குத்தான் 2003ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைச்சுது.

இன்னொண்ணு, எல்லாரும் அலெக்ரே, கான்செப்சியோன் ரெண்டு குன்றுலயே நின்னுடறாங்க. அழகுதான், காபி கடைதான், பியானோ கட்டை மாதிரி பெயின்ட் அடிச்ச படிக்கட்டுல போட்டோ எடுக்க க்யூதான். அதைத் தாண்டி அவெனீடா அலெமானியான்னு மலை இடுப்பைச் சுத்திப் போற ரோடு இருக்கு, அதுல நடந்தா ஒவ்வொரு வளைவுலயும் வேற கடல் தெரியும். அந்த ரோட்டுக்கு மேல நிமிந்து பாத்தா பெயின்டும் இல்ல சுவர்ல படமும் இல்ல, பலகையும் தகரமுமா ஓடைச்சரிவுல ஒட்டிக்கிட்டு நிக்கற ஏழைங்க வீடு. 2014 ஏப்ரல்ல அந்த மேட்டுப் பகுதிலதான் காட்டுத்தீ இறங்கி கிட்டத்தட்ட 2,900 வீடு எரிஞ்சு 15 பேரு செத்தாங்க. சந்து அவ்ளோ குறுகல், தீயணைப்பு வண்டி எப்படி ஏறும்?

கடைசியா முக்கியமான விஷயம். பெயாவிஸ்தா குன்றுல சுவர் ஓவியங்களுக்குன்னே திறந்தவெளி மியூசியம் இருக்கு, 1992ல திறந்தது, அந்தப் படிகள்ல மூச்சு வாங்க ஏறி இன்னும் மேல போனா கவிஞர் பாப்லோ நெரூடா வாழ்ந்த லா செபஸ்தியானா வீடு, ஒடுக்கமா அஞ்சு மாடி, எல்லா ஜன்னல்லயும் கடல். உங்க கட்டுரை அவரை "காதல் கவிஞர்"னு ரெண்டு பத்தி புகழ்ந்துட்டு முடிச்சிருச்சு. தமிழ்ப் பேப்பர்ல எழுதறப்போ இது பத்தாதுங்க. 1929ல அவரு கொழும்புல சிலி தூதரக வேலைல இருந்தாரு, வெள்ளவத்தைல கடலோர வீடு. அந்த வீட்டுக் கக்கூஸ் வாளியை எடுக்க தினமும் விடியக்காலைல வந்த ஒரு தமிழ்ப் பொண்ணை ஒருநாள் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனதையும், அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்தபடியே சிலை மாதிரி கிடந்ததையும் அவரே எழுதி வச்சிருக்காரு, அவரு செத்து அடுத்த வருஷம் 1974ல அச்சுல வந்துச்சு. அந்தப் பொண்ணோட பேரு அதுல இல்ல. 2018ல சான்டியாகோ ஏர்போர்ட்டுக்கு நெரூடா பேரை வைக்கலாம்னு பேச்சு வந்தப்போ சிலி நாட்டுப் பெண்கள்தான் இதைச் சொல்லி எதிர்த்தாங்க. அங்க உள்ளவங்க பேசறாங்க, நாம கமுக்கமா இருக்கோம். வீட்டைப் பாக்க வேணாம்னு சொல்லல, நானும் டிக்கெட் எடுத்து ஜன்னல் ஜன்னலா நின்னுதான் பாத்தேன். தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்.

போறவங்களுக்கு: ரெண்டு ராத்திரியாவது தங்குங்க. கிரிப் உள்ள ஷூ போடுங்க, செருப்பு வேலைக்காகாது. ஏறும்போது விஞ்ச் இல்லைன்னா ஷேர் டாக்ஸி, இறங்கும்போது படிக்கட்டு, முட்டி தப்பிச்சுக்கும். துறைமுகத்தை ஒட்டின தெருக்கள்ல இருட்டுனப்புறம் போனை கைல ஆட்டிக்கிட்டுப் போகாதீங்க, பிடுங்கிருவாங்க, ஊர்க்காரங்களே நிறுத்திச் சொல்றாங்க. தெருநாய் ஏகப்பட்டது, பயப்படாதீங்க, கூடவே வரும். உருளைக்கிழங்கு வறுவல் மலை மேல மாட்டுக்கறி, வெங்காயம், முட்டை போட்டு சோரியானான்னு ஒரு தட்டு தருவாங்க, தனியா ஆர்டர் பண்ணாதீங்க, முடிக்க முடியாது.

நெரூடா விஷயத்தை மட்டுமாவது அடுத்த வாரம் அதே பக்கத்துல நாலு வரி போட்டீங்கன்னா நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
திண்டுக்கல்.