கேட்டில் உட்கார்ந்த டீச்சருக்கும், மற்ற எல்லோருக்கும்

பல சபைகள் சேர்ந்த நம் சேகரத்து மக்கள் அனைவருக்கும், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஊருக்கு வந்துபோனவர்களுக்கும், வர முடியாமல் பாதி வழியில் திரும்பியவர்களுக்கும் தோத்திரம்.

ஜனவரி முதல் வாரம் முடிகிறது. இப்போதுதான் உட்கார்ந்து நாலு வரி எழுத நேரம் கிடைத்தது. 2023 டிசம்பர் 17-ம் தேதி ஆரம்பித்த மழையைப் பற்றி நான் எழுதி உங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பேப்பரில் போட்டார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கும் நம் வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு பண்டிகை வந்தது, அதை எப்படியோ ஆசரித்து முடித்தோம். அந்த ‘எப்படியோ’வுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த மடல்.

போன வருஷக் காலண்டரை ஒரு தடவை பாருங்கள். 17 ஞாயிறு, 24 ஞாயிறு, 31 ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் நாலாம் ஞாயிறும் பண்டிகைக்கு முந்தின நாளும் ஒன்றாகவே வந்தன. காலையில் ஞாயிறு ஆராதனை, சாயங்காலம் கேரல் ஆராதனை, விடியுமுன் பண்டிகை ஆராதனை. மழையே பெய்யாத வருஷத்தில்கூட இது ஒரு குருவானவருக்கு மூச்சு முட்டுகிற கணக்குதான். நம் பக்கத்துச் சேகரங்களில் சபைகள் பல, குரு ஒருவர். ஆராதனையைச் சபை ஊழியர்கள் நடத்திவிடுவார்கள், பிரசங்கமும் செய்துவிடுவார்கள். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து என்று வந்தால் குருப்பட்டம் பெற்றவர்தான் நிற்கவேண்டும். அதனால் இருட்டோடு ஒரு ஊரில் ஆரம்பித்து, அங்கியைக் கழற்றி மடித்து, திருவிருந்துப் பெட்டியை வண்டியில் வைத்து, அடுத்த ஊரில் மணி அடிப்பதற்குள் போய்ச் சேரவேண்டும். சன்டே ஸ்கூல் நாடகம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகை, வாலிபர்களின் கேரல் ரவுண்ட்ஸ், வெளியூர்க்காரர்கள் லீவு முடியுமுன் வைத்துக்கொள்ளும் கல்யாணங்கள், ஞானஸ்நானங்கள், 31-ம் தேதி ராத்திரி ஆராதனை, ஜனவரி 1 உடன்படிக்கை ஆராதனை, புது வருஷத்துக்கான வேதவசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை அச்சாகி வரவேண்டியது, வருஷக் கணக்கு முடிக்கவேண்டியது எல்லாம் இதற்குள்தான். மரணமும் டிசம்பர் என்று பார்த்து ஒதுங்கி நிற்பதில்லை.

இந்தத் தடவை இவை எல்லாவற்றுக்கும் மேலே நிவாரண வேலை. அதற்கும் மேலே இன்னொன்று. வீடு போனவர்களும் வயல் போனவர்களும் விடியற்காலையில் வந்து முன்னால் உட்காரும்போது, ‘மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி’ என்று எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? நவம்பரிலேயே எழுதிவைத்திருந்த பிரசங்கக் குறிப்புகள் ஈரமாகாமல் அலமாரியில் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூடப் பயன்படவில்லை.

சரி, டீச்சருக்கு வருகிறேன்.

பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நம் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் உங்களில் பாதிப் பேருக்குக் காது தன்னால் வலிக்கும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். 24-ம் தேதி மத்தியானம் நான் காலை ஆராதனைகளை முடித்துவிட்டு எங்கள் வீடான குருமனைக்கு வந்தபோது, கேட்டுக்கு உள்ளே வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது உங்களுக்குத் தெரியும். பீரோவை இன்னும் காயவைத்து முடிக்கவில்லை. என்னிடம் ஏதோ உதவி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, “சொல்லுங்க டீச்சர்” என்றேன்.

“ஐயா சாப்பிட்டுட்டுப் போய்ப் படுங்க. கேட்டை நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

ஐந்து மணிக்குக் கேரல் ஆராதனை இருக்கிறதே என்றேன். “நாலரைக்கு எழுப்புதேன். போனைக் குடுங்க.”

போனைக் கொடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தக் கைக்கு முன்னால் எதைக் கொடுக்காமல் தப்பித்திருக்கிறார்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்? கொடுத்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சதி எங்கே ஆரம்பித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் தூங்கினேன். மழை ஆரம்பித்த நாளிலிருந்து கண்ணை மூடினேனே தவிர, அதற்குத் தூக்கம் என்று பெயர் சொல்ல முடியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவேன். அன்றைக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சொன்னபடி நாலரைக்குக் கதவைத் தட்டி எழுப்பினார். கையில் காப்பி இல்லை, நோட்டு இருந்தது. காப்பி அவர் இலாகா இல்லையாம்.

அந்த நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அவரிடம் அனுமதி வாங்கித்தான் அதிலிருந்து சில வரிகளைத் தருகிறேன். ஆட்களை யாரும் அடையாளம் காணாதபடி அங்கங்கே வெட்டியிருக்கிறேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, நேரமெல்லாம் சிவப்பு மையில்.

‘2.20. கமிட்டி மெம்பர். ஜெனரேட்டர் டீசல் விஷயம். கமிட்டி எதுக்கு இருக்கு, நீங்களே முடிவு பண்ணுங்க என்று சொல்லியாச்சு.’

‘2.35. கேக்.’

‘2.45. மும்பைக்காரர்கள். 28-ம் தேதி பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேண்டும். பிள்ளை பெயர், ஞானப் பெற்றோர் பெயர், பிறந்த தேதி எழுதி வாங்கியாச்சு. நேரம் மட்டும் ஐயா சொல்லணும்.’

‘3.05. ஞானஸ்நான சர்ட்டிபிகேட் நகல், பழையது தண்ணீரில் போய்விட்டது. அவசரமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு இல்லை என்றார். ஜனவரி.’

‘3.15. கேக்.’

‘3.30. கீழத்தெரு தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது. சபை ஊழியரையும் நர்ஸ் பிள்ளையையும் அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்து, பரவாயில்லை, தூங்குகிறார் என்று சொன்னார்கள். மாறினால் எழுப்பியிருப்பேன். கேரல் முடிந்ததும் ஐயா போய்ப் பார்க்கவும்.’

‘3.40. சும்மா பார்க்க வந்தவர். சும்மா அனுப்பியாச்சு.’

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மழைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று என் மனைவி சொல்கிறாள். நான் கவனிக்கவில்லை.

அந்தச் சும்மா வந்தவர் யாரோ, தயவுசெய்து வருத்தப்படவேண்டாம். பொங்கலுக்குள் ஒரு நாள் வாருங்கள், சும்மா பேசிக்கொண்டிருப்போம்.

டீச்சர் செய்ததை யோசித்துப் பார்க்கிறேன். கேட்டைப் பூட்டிவிட்டுப் போவது எளிது, ‘ஐயா இல்லை’ என்று பொய் சொல்வது அதைவிட எளிது. அவர் இரண்டையும் செய்யவில்லை. வந்த ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, என்ன ஏது என்று கேட்டு, எது காத்திருக்கும் எது காத்திருக்காது என்று பிரித்திருக்கிறார். மூன்றரை மணிக்கு எழுதிய அந்த வரி இல்லையென்றால் இதற்கு நான் நன்றி சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். எழுப்பவேண்டிய காரியம் வந்தால் அவர் எழுப்புவார் என்று தெரிந்ததால்தான் தூங்க முடிந்தது. ஒரு குருவானவர் டிசம்பரில் படுக்காமல் சுற்றுவதற்கு வேலை மட்டும் காரணமில்லை. ‘நாம் படுத்திருக்கும்போது யாராவது தேடிவந்து திரும்பிப்போய்விட்டால்’ என்கிற பயமும் கூடவே சுற்றுகிறது. அந்தப் பயத்தை ஒருவர் கையில் வாங்கி இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டார்.

சூரைச்செடியின் கீழே ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்த எலியா தீர்க்கதரிசியைப் பற்றி நான் பல சபைகளில் பேசியிருக்கிறேன். தேவதூதன் வந்து அவனுக்குப் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தவனைத் தூங்கவிட்டான். இதைப் பிரசங்கம் பண்ணுவது சுலபம். நமக்கென்று வரும்போது அடையைத் தள்ளிவைத்துவிட்டு வண்டிச்சாவியைத் தேடுகிறோம்.

25-ம் தேதி விடியற்காலைப் பிரசங்கம் பத்து நிமிஷம்கூட வராது. ‘ரொம்ப நல்லா இருந்தது ஐயா’ என்று பலர் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நேரத்தோடு முடிந்ததற்குத்தான் என்று தெரியும், இருந்தாலும் மனசுக்கு இதமாக இருந்தது.

மற்றவர்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். மழை விட்ட அன்றைக்கே இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்த வாலிபர்களுக்கு நன்றி. நான் மறந்தே போயிருந்தபோது, குருமனை வாசலில் பேப்பர் நட்சத்திரத்தைக் கட்டி என் பிள்ளைகள் முகத்தில் பண்டிகையைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். கோயிலுக்குள் படிந்த சேற்றை வாரி வெளியே தள்ளிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், கரண்ட் இல்லாத ராத்திரிகளில் டார்ச் லைட்டில் பாட்டுப் பழகிய பாடகர் குழுவுக்கும், இருட்டில் நேரம் தவறாமல் மணி அடித்த அண்ணனுக்கும், எனக்கு முன்னாலேயே எல்லாச் சபைகளிலும் போய் நின்ற சபை ஊழியர்களுக்கும் நன்றி. வேற்று மாவட்டங்களிலிருந்து வந்து நம் தெருக்களில் கம்பம் நட்ட மின்வாரியத் தொழிலாளர்கள் இதைப் படிப்பார்களா தெரியாது, படித்தால் அவர்களுக்கும். பள்ளிவாசலிலிருந்து வந்த சாப்பாட்டு அண்டாக்களை நாம் மறக்கமாட்டோம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோனவர்களுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டதை நாடே பேசியது. பெயர் வெளியே வராமல் அதே வேலையைச் செய்த ஊர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ. சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் அனுப்பியவர்களுக்குக் கமிட்டி தனியாகக் கணக்கு அனுப்பும்.

கேக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. குறைசொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வந்த கேக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

இதை மற்றச் சபைகளில் இருக்கிறவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. உங்கள் குருவானவருக்குப் பண்டிகைக்கு வேட்டி சட்டை எடுத்துக்கொடுப்பது நல்ல வழக்கம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. கூடவே ஒரு மத்தியானம் அவர் வராந்தாவில் போய் உட்காருங்கள். போன் பேசத் தெரிந்த, ஊரைத் தெரிந்த, ‘இது ஜனவரிக்குப் போகலாம்’ என்று முகம் வாடாமல் சொல்லத் தெரிந்த ஒருவர் போதும். அப்படி ஒருவர் எல்லாச் சபையிலும் இருக்கிறார். பெரும்பாலும் ஓய்வு பெற்ற டீச்சராகத்தான் இருப்பார்.

நானும் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். எனக்காவது ஒரு மத்தியானம் கிடைத்தது, நம் சபை ஊழியர்களுக்கு அதுவும் இல்லை. எனக்குப் பதிலாகக் கீழத்தெருவுக்கு ஓடியவரும் அவர்களில் ஒருவர்தான். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு நாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரவர் சபையின் வாசலில் நான் நோட்டோடு உட்காரப்போகிறேன். கமிட்டியில் இதைச் சொன்னேன். நீங்கள் உட்கார்ந்தால் கூட்டம் இன்னும் கூடும் ஐயா என்றார்கள். அதுவும் நியாயம்தான். டீச்சரிடம் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கீழத்தெரு தாத்தா தேறிவிட்டார். உடன்படிக்கை ஆராதனைக்கு வந்திருந்தார், பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. குருமனையில் டிபன் கேரியர்களும் தூக்குவாளிகளும் அடுக்களை கொள்ளாமல் சேர்ந்திருக்கின்றன. பாதிக்குமேல் பெயர் வெட்டாதவை. ஐயரம்மா, அதாவது என் மனைவி, கழுவிக் கவிழ்த்துவைத்திருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து அவரவருடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நீல மூடி போட்ட பெரிய வாளிக்கு ஏற்கெனவே இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள், அதை மட்டும் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும்.

உங்கள் சேகர குருவானவர்