ஆட்டுக்கு முன்னம் வேலியைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1990 இல் போருக்குள் உடுத்த உடுப்போடு விட்டுப்போன, யாழ்ப்பாணத்து வளலாய்க் காணி 2015 இல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. வந்து பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை. பற்றைக்குள் கிணற்றைத் தேடிப் பிடிக்கவே அரை நாள் போனது. இன்றைக்கு அந்த வளவில் ஒரு பசு, 3 மறி (பெண்) ஆடு, 11 கோழி நிற்கின்றன.

முதலில் உதவித் திட்டமொன்றில் 2 ஆடு கிடைத்தது. அவை எதைத் தின்னும் என்று தந்தவர்களும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. மாரியில் புல் இருந்தபடியால் ஒன்றும் தெரியவில்லை. பங்குனி பிறக்கத் தரை காய்ந்துவிட்டது. விடியக் கோழியைத் திறந்துவிட்டு, கொட்டில் கூட்டி முடிய, கொக்கத்தடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆட்டுக்குப் போடும் இலைதழையான குழைக்கு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தேன். அச்சுவேலி வரைக்கும் போன நாளும் உண்டு. என் அம்மம்மா படலை தாண்டாமல் ஆடு வளர்த்தவர். கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் வேலியிலேயே நின்றன. அந்த ஒழுங்கைகளில் இப்போது ஆளுயர மதில். கடைசியில் ஓர் ஆட்டை விற்றுத்தான் மற்றதைக் காப்பாற்றினோம்.

அந்த ஐப்பசியிலேயே கதியால், அதாவது நட்டால் தளிர்த்து உயிர்வேலியாகும் தடி, போடத் தொடங்கினோம். மணிக்கட்டுப் பருமனில் முற்றின தடியாகப் பார்த்து, 7 அடி நீளத்தில் சரிவாக வெட்டி, மேல்நுனி காயாமல் சாணி அப்பி நட வேண்டும். எங்கள் நிலத்தில் ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்கு போட்டால் பொறி பறக்கும். ஒரு நாளைக்கு 6 குழிக்கு மேல் என் கணவரால் கிண்ட முடியவில்லை. நட்ட 40 இல் 17 தான் தளிர்த்தது. அதிலும் நாலைந்தின் பட்டையை ஆடு உரித்துத் தின்றுவிட்டது. "தங்கச்சி, இது வளர்ந்து எந்தக் காலம்? பேசாமல் மதிலைக் கட்டு" என்றார் பக்கத்து வளவு அக்கா.

தெருப்பக்கம் மதில் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கள்ளர் பயம் எங்களுக்கும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் உள்ள கோடிப்பக்கத்துக்கும் அது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

நாலாம் வருசம்தான் எங்கள் வேலியில் ஒரு கட்டுக் குழை வெட்டினேன். சீமைக்கிளுவையை வெட்டின கையோடு போட்டால் அதன் மணத்துக்கு ஆடு முகத்தைத் திருப்பும். ஒரு இரவு வாடவிட்டுப் போட்டால் காம்புதான் மிஞ்சும். மிச்சக் குழை மிளகாய்ப் பாத்திக்குப் பசளை. இப்போது பங்குனி வந்தாலும் நான் சைக்கிள் எடுப்பதில்லை.

ஆடு கொடுக்கும் திட்டங்களை நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான்: ஐப்பசியில் முதலில் கதியாலைக் கொடுங்கள். அது பிடித்து வளர்ந்த பிறகு ஆட்டைத் தாருங்கள். இரண்டு மூன்று வருசம் பிந்தினாலும் சரி, அந்த ஆடு வளவில் நிலைக்கும்.

மழை தொடங்கிவிட்டது. எங்கள் வேலியில் வெட்டக்கூடிய முற்றின தடி 60 அளவில் நிற்கிறது. காணிக்குத் திரும்பியவர்கள் யார் வந்து கேட்டாலும் காசில்லாமல் தருவேன். கட்டிக்கொண்டு போகக் கயிறு மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வாசகி, வளலாய்