"நாம் ஜெபம் பண்ணினோமே" என்று கேட்ட பிள்ளையின் தாய்க்கு

அன்புள்ள தங்கைக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அன்பின் வாழ்த்துதல்கள். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து என் மனம் அங்கேயே நிற்கிறது. பெரியவன் இரவு ஜெபத்துக்குக் கண்ணை மூட மறுக்கிறான் என்றாய். "நாம் ஜெபம் பண்ணினோமே, பிறகு ஏன் தாத்தா செத்துப்போனார்?" என்று ஒருநாள் கேட்டானாம். "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, இயேசப்பா வருத்தப்படுவார்" என்று நீ சொல்லிவிட்டாயாம். அன்று முதல் அவன் எதையுமே கேட்பதில்லை. வேதம் வாசிக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்லி முடிக்கும் முன்பே உன் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதே இடத்தில் தவிக்கும் வேறு தாய்மார்களும் இருப்பார்கள் என்பதால் எல்லாரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன். நீ தவறாக நினைக்கமாட்டாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மகன் விசுவாசத்தைவிட்டுப் போகவில்லை. நம் அப்பா படுக்கையில் கிடந்த அந்த இரண்டு மாதமும் "இயேசப்பா, தாத்தாவை எழுந்து நடக்க வையும்" என்று ஒரு இரவுகூடத் தவறாமல் ஜெபித்தவன் அவன். நானும் நீயும் மருத்துவர் சொன்னதைக் கேட்டு உள்ளுக்குள் கைவிட்ட பிறகும் அவன் விடவில்லை. நம்பிக் கேட்டவனுக்குத்தான் "ஏன் நடக்கவில்லை?" என்ற கேள்வி வரும். நம்பாதவனுக்கு அந்தக் கேள்வியே இல்லையே.

வேதத்தில் பிள்ளைகளுக்குப் போதிப்பதைப்பற்றி எங்கெல்லாம் வருகிறது என்று இந்த நாட்களில் தேடிப் பார்த்தேன். யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையைக் கட்டளையிடும்போது, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று இருக்கிறது. யோசுவா 4-இல் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் சொன்னதும் பிள்ளைகளுக்காகத்தான். அவர்கள் அந்தக் கற்களைப் பார்த்து "இவை ஏன் இங்கே இருக்கின்றன?" என்று கேட்கவேண்டும், அப்போது தகப்பன்மார் ஆற்றைக் கடந்த கதையைச் சொல்லவேண்டும். இரண்டு இடத்திலும் பிள்ளைதான் முதலில் வாயைத் திறக்கிறது. யூத வீடுகளில் இன்றைக்கும் பஸ்கா இரவில் அந்தப் பந்தியில் இருப்பவர்களிலேயே சின்னப் பிள்ளை எழுந்து கேள்வி கேட்ட பிறகுதான் கதை தொடங்குகிறது. நம் வீடுகளிலோ பிள்ளை கேட்டால் "ஜெப நேரத்தில் பேசாதே" என்று தொடையில் ஒரு கிள்ளு விழும்.

அந்தக் கிள்ளை நீயும் வாங்கியிருக்கிறாய், நானும் வாங்கியிருக்கிறேன். ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆச்சி முற்றத்தில் பாய் விரிப்பாள். அப்பா ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக ஓர் அதிகாரம் வாசிப்பார். லேவியராகமம் வந்துவிட்டால் நீ இரண்டாம் வசனத்திலேயே ஆச்சி மடியில் சாய்ந்துவிடுவாய். நான் மூத்தவள் என்பதால் தூங்க அனுமதி இல்லை. கீர்த்தனை, வேதபாடம், அப்பாவின் நீண்ட ஜெபம், பரமண்டல ஜெபம் என்று முக்கால் மணி நேரம் ஆகும். அப்பாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கு உள்ளே இறங்கியது எது தெரியுமா? ஒருநாள் அவர் ஜெபத்தின் நடுவில் நிறுத்தி, "ஆண்டவரே, இன்று கடையில் ஓர் ஏழையிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், என்னை மன்னியும்" என்று சொன்னதுதான். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அப்பாவும் மன்னிப்புக் கேட்பார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாசித்த அதிகாரங்களில் பாதிக்கு மேல் மறந்துபோயின. அந்த ஒரு வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது.

இதை நன்றாக அறிந்திருந்தும் என் மகனிடம் நான் செய்த தவறை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அவனுக்கு ஏழு வயது இருக்கும்போது மனப்பாட வசனம் சொன்னால்தான் சாப்பாடு என்று ஒரு சட்டம் வைத்தேன். சொல்லாவிட்டால், "ஆண்டவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்பேன். ஓய்வுநாள் பாடசாலைத் தேர்வில் பரிசு வாங்கினான். நானும் ஆலயத்தில் தலை நிமிர்ந்து நின்றேன். ஒரு மாலை தட்டின் முன் உட்கார்ந்து, வசனம் பாதியில் நின்றுபோய், "அம்மா, இயேசப்பாவுக்கு என்னைப் பிடிக்காதா?" என்று கேட்டான். அதுவரை நான் ஆண்டவரின் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்து அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்று அவர் சொன்னது, பிள்ளைகளைத் துரத்திய சீஷர்களிடம். கூடவே இருந்தவர்கள்தான் தடையாக நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றிருந்தேன். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். "இயேசப்பா வருத்தப்படுவார்", "இயேசப்பா அழுவார்", "தண்டிப்பார்" என்ற சொற்களைப் பிள்ளைகளை அடக்குவதற்கு எடுக்காதே. பால் சிந்தினால் பால் சிந்தியதற்காகக் கண்டித்துக்கொள். அதற்குள் ஆண்டவரை இழுக்காதே.

இனி வாசிப்பு எப்படி என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். வேலையிலிருந்து நீ வீடு வந்து சேரவே ஏழு மணி ஆகிறது. முக்கால் மணி நேர ஜெபத்தை நம் வீட்டிலிருந்து அங்கே தூக்கிக்கொண்டு போகாதே. ஏழெட்டு நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும். அதுவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். மூன்று வயதுச் சின்னவளுக்கு வார்த்தைகள் பாதி புரியாது; அந்தப் பாயும், அணைந்த தொலைக்காட்சியும், அம்மாவின் மடியும் புரியும். அவள் நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். ஆமென் சொல்ல ஓடி வருவாள் பார். மாப்பிள்ளை வெளியூரில் இருக்கும் நாட்களில் நீயே நடத்து. பவுல் தம் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசம் முந்தி யாரிடம் இருந்தது என்று சொல்கிறார்? பாட்டியாகிய லோவிசாளிடமும் தாயாகிய ஐனிக்கேயாளிடமும்.

தினதியானப் புத்தகங்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பல புத்தகங்களில் ஒரு வசனம், ஒரு சின்னக் கதை, கடைசியில் "ஆகவே பிள்ளைகளே, நாமும் கீழ்ப்படிவோம்" என்று ஒரே அச்சில் வார்த்தது போல வருகிறது. பத்து நாளில் பிள்ளைக்கு அந்த முடிவு மனப்பாடமாகிவிடும். பிறகு காது கொடுக்கமாட்டான். நேரே வேதத்தையே எடு. என் யோசனை மாற்கு சுவிசேஷம். மொத்தம் 16 அதிகாரம்தான். உடனே, உடனே என்று ஓடுகிற நடை. ஒரு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி என்று வாசித்தால் ஏறத்தாழ மூன்று மாதம் வரும். வாசித்து முடித்ததும் பாடம் சொல்லாதே. "உனக்கு இதில் என்ன தோன்றுகிறது?" என்று கேள். அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் ஜெபம் பண்ணிவிட்டுப் படுக்கவை. மௌனத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே.

பழைய மொழிபெயர்ப்பு பிள்ளைகளுக்குப் புரியாதே என்று கேட்டாய். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் தமிழ் அவர்களுக்கு எளிதாக இருக்கும். அதில் வாசித்தாலும் சரிதான். என் மனச்சாய்வு மட்டும் பழையதன் பக்கமே. முதலில் கதையை உன் சொந்த வார்த்தையில் சொல். பிறகு பழைய வேதத்தில் இரண்டே வசனம் வாசி. பிள்ளைகளுக்குப் புரியாத சொல்லின் ஓசை பிடிக்கும். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் "தலீத்தாகூமி" (சிறுபெண்ணே, எழுந்திரு) வரும்போது சின்னவள் அதை எத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று பார். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று 56-ஆம் சங்கீதத்தில் இருப்பதை இருட்டுக்குப் பயப்படும் ஒரு பிள்ளை இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும். அந்த வசனம் பயப்படாதே என்று அதட்டவில்லை. பயப்படுகிற நாள் வரும் என்று ஒத்துக்கொள்கிறது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

பாய் விரித்துத் தரையில் உட்காருவதை நினைக்கும்போது ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு நினைவுக்கு வருகிறார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் பிள்ளைகளையும் தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அகரம் முதல் கற்றார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகியிருந்தது. உன் பாயில் கிடக்கும் வேதபுத்தகத்தின் தொடக்கத்தில் பிள்ளைகளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்த ஒரு மனிதர் இருக்கிறார். பிள்ளைகளோடு வாசிக்கும்போது நீயும் நாற்காலியை விட்டு இறங்கி உட்கார்.

இப்போது பெரியவனின் கேள்விக்கு வருகிறேன். அவனிடம் முதலில் போய், "அன்றைக்கு நீ கேட்டதை நான் அடக்கியது தவறு" என்று சொல். பிறகு மாற்கு 4-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசி. சுழல்காற்று, படகுக்குள் தண்ணீர், இயேசு பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் அவரை எழுப்பி என்ன கேட்கிறார்கள்? "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று. உன் மகன் கேட்டதும் இதுதானே? இரண்டு மாதம் கூப்பிட்டும் எழுந்திருக்காதவரைப் பார்த்து, உமக்குக் கவலையில்லையா என்று கேட்டிருக்கிறான். மாற்கு சொல்லும் வரிசையைக் கவனி. கேட்டவர்களை இயேசு முதலில் அதட்டவில்லை. எழுந்து காற்றை அதட்டினார்; "இரையாதே, அமைதலாயிரு" என்றார். அவர்களுடைய பயத்தைப்பற்றிப் பேசியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் நமக்கு அந்தக் காற்று அமரவில்லையே என்று நீ நினைப்பாய். அவனும் நினைப்பான். அடுத்த அதிகாரத்தில் யவீருவின் மகள் வருவாள். பன்னிரண்டு வயதுப் பெண், இறந்தவளை எழுப்புகிறார், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றும் சொல்கிறார். "அவளை எழுப்பினாரே, தாத்தாவை ஏன் எழுப்பவில்லை?" என்று அவன் நிச்சயம் கேட்பான். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதே. "எனக்குத் தெரியவில்லை, கண்ணு" என்று சொல். எனக்கும் தெரியவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் உயிர்த்தெழுதலின் வசனங்களை வாசித்தபோது, நான் அதை முழு மனதோடு நம்பினேன், அழுதுகொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசுவும் அப்படித்தான் நின்றார். சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர், அதற்கு முன்பு கண்ணீர் விட்டார். தாத்தாவுக்காக அம்மாவும் அழுதேன், பெரியம்மாவும் அழுதாள், இயேசப்பாவும் அழுகிறவர்தான் என்று அவனிடம் சொல். இதே இயேசப்பாவைக் காட்டித்தானே நாம் அவனை மிரட்டினோம். தாத்தாவையும் ஒருநாள் கையைப் பிடித்து எழுப்புவார் என்று நீ நம்புவதையும் சொல். நம்பச் சொல்லி அவனை வற்புறுத்தாதே. நீ நம்புவதை அவன் பார்த்தால் போதும்.

கண்ணை மூடாவிட்டால் பரவாயில்லை. திறந்த கண்ணோடு உன் பக்கத்தில் உட்காரட்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே கேட்டிருக்கிறார். அதைச் சங்கீதப் புத்தகத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவில்லை. அவனுக்கு இஷ்டமிருந்தால் தாத்தாவைப்பற்றி ஆண்டவரிடம் கோபமாகவே பேசட்டும். நீ நடுவில் திருத்தாதே.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவின் வேதபுத்தகத்தை அவனுக்குத் தரலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். மாற்கு 4-இல் அவர் பென்சிலால் ஏதோ அடிக்கோடிட்டிருக்கிறார். எந்த வசனம் என்று சொல்லமாட்டேன், அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று இரவு வாசித்துவிட்டு, அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுது.

ஜெபங்களுடன்,
உன் அக்கா