முதலில் லேண்டிங்கா, முதலில் பிரசவமா? அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

உன் வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் கேட்டேன். பதிலை நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். முதலில் கனடாவில் போய் இறங்கி (லேண்டிங்) நிரந்தரவாசி ஆவதா, முதலில் பிள்ளை பெறுவதா என்ற இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், உன் சம்மதத்தோடு பேர் போடாமல் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பல வருடமாகக் கனடாவில் இருந்துகொண்டு, வந்து இறங்குகிறவர்களின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துப் பழகிய உன் சித்தி, அவ்வளவுதான்.

உன் நிலைமை எனக்குப் புரிந்த வரைக்கும் இது. வேலைத் தகுதியை வைத்துக் கனடாவில் குடியேறும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் நீதான் பிரதான விண்ணப்பதாரர், மாப்பிள்ளை உன்னோடு சேர்ந்து வருபவர். விண்ணப்பத்துக்கான மருத்துவப் பரிசோதனை (மெடிக்கல்) எடுத்த பிறகுதான் நீ உண்டானாய். இப்போது ஐந்தாம் மாதம். சிஓபிஆர் (கனடா நிரந்தரவாச உறுதிச் சான்று) கைக்கு வந்துவிட்டது. அதன் காலாவதி பிரசவ தேதிக்கு இரண்டு மாதம் தள்ளி விழுகிறது. மாப்பிள்ளை போட்டிருக்கும் திட்டம்: உடனே இரண்டு பேரும் டொரன்டோ போய், நிரந்தரவாசியாகப் பதிந்த கையோடு திரும்பும் சாஃப்ட் லேண்டிங்கை முடிப்பது, ஏழாம் மாத வளைகாப்புக்கு ஊர் திரும்புவது, கும்பகோணத்தில் பிரசவம், மூன்று மாதம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி விமானம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அக்காவுக்கும் இது பிடித்திருக்கிறது.

இதில் கடைசிப் பகுதி நீங்கள் நினைக்கிறபடி நடக்காது.

அப்பா அம்மா இரண்டு பேரும் கனடா பிஆர் (நிரந்தரவாசி) என்றாலும், இந்தியாவில் பிறக்கிற குழந்தைக்கு அந்த பிஆர் தானாக வராது. உன் குழந்தை இந்தியக் குடிமகளாக, இந்தியப் பாஸ்போர்ட்டோடு, கனடாவில் எந்த உரிமையும் இல்லாமல்தான் பிறப்பாள். அமெரிக்காவில் இருக்கும் உன் அத்தை மகன் 'கைக்குழந்தைக்கு விசாவே வேண்டாம்' என்று சொன்னது பொய்யில்லை. கிரீன் கார்டு வைத்திருக்கும் தாய் தற்காலிகமாக வெளிநாடு போன இடத்தில் குழந்தை பிறந்தால், இரண்டு வயதுக்குள், பெற்றோர் முதல் முறை திரும்பும்போது கூடவே விசா இல்லாமல் அழைத்து வரலாம். ஆனால் அது அமெரிக்கச் சட்டம். கனடாவில் அந்த வசதி கிடையாது. இதை நம்பி டிக்கெட் போட்டு, சென்னை விமான நிலையத்திலேயே குழந்தைக்கு போர்டிங் பாஸ் கிடைக்காமல் திரும்பினவர்கள் உண்டு.

அப்படியானால் லேண்டிங்குக்குப் பிறகு ஊரில் பிறந்த குழந்தையை எப்படிக் கொண்டுவருவது? ஸ்பான்சர் செய்யவேண்டும். குழந்தைக்கு ஸ்பான்சர் செய்ய வருமான வரம்பு இல்லை, அது நல்ல செய்தி. பத்து வருடத்துக்குக் குழந்தையின் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கவேண்டும், பெற்ற பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு இடத்தில். ஸ்பான்சர் செய்கிறவர் பிஆர் மட்டும் வைத்திருப்பவர் என்றால் அவர் கனடாவில் குடியிருக்கவேண்டும். குடியுரிமை பெற்றவர்கள் வெளிநாட்டிலிருந்தும் ஸ்பான்சர் செய்யலாம், பிஆர்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே உங்களில் ஒருவர் இங்கே வந்து வீடு பிடித்து உட்காரவேண்டும், ஒருவர் அங்கே குழந்தையோடு இருக்கவேண்டும். மாதக்கணக்கில் ஆகும், சில கோப்புகள் வருடத்தையும் தாண்டுகின்றன. டொரன்டோ பக்கத்து பிராம்ப்டனில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்துகொண்டு, வீடியோ காலில் பிள்ளை குப்புறக் கவிழ்வதைப் பார்க்கும் அப்பாக்கள் இங்கே நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேராவது ஊரில் இருந்தபோது இந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை.

'இடையில் விசிட்டர் விசாவில் கொண்டுவந்துவிட்டால்?' என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். விண்ணப்பிக்கலாம். பதினான்கு வயதுக்குக் கீழே என்பதால் கைரேகை வேண்டாம். நிரந்தரமாகக் குடியேற நினைப்பவர் தற்காலிகமாக வர விரும்புவதில் தவறில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். கிடைத்தாலும், விசிட்டராக வந்த குழந்தைக்கு மாகாண மருத்துவக் காப்பீடு உடனே கிடைக்காது. ஒரு காய்ச்சலுக்கு எமர்ஜென்சி போனால் என்ன பில் வரும் என்று நான் சொல்லப் போவதில்லை, உனக்கு இரத்த அழுத்தம் ஏறக்கூடாது.

இனி, நான் சொல்ல விரும்பும் வழி. பிள்ளை பிறப்பதும் நீங்கள் இறங்குவதும் எந்த வரிசையில் என்பதை முதலில் முடிவு செய். வளைகாப்பு, தாய்வீடு, டிக்கெட் விலை எல்லாம் அதற்குப் பிறகு.

உன் டாக்டர் சரி என்றால், நீங்கள் இரண்டு பேரும் இப்போதே வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கி, பிள்ளையை இங்கே பெற்றுக்கொள்வதுதான் என் யோசனை. கனடா மண்ணில் பிறந்த குழந்தை பிறந்த நிமிடமே குடிமகள், அதற்கு உங்கள் பிஆர்கூடத் தேவையில்லை. விமானத்துக்கு நாள் தள்ளாதே. 28 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் டாக்டர் கடிதம் கேட்பார்கள், 36க்கு மேல் ஏற்றவே மாட்டார்கள், சில நிறுவனங்கள் அதற்கும் முன்பே நிறுத்திவிடும். வந்து இறங்குவதற்கு டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் நல்லது. அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு மாகாண மருத்துவக் காப்பீட்டில் இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள், வந்த கையோடு அந்தக் காப்பீட்டுக்கான ஓஹிப் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேறு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் வான்கூவரில் உன் தோழி இருக்கிறாள் என்று அங்கே போனால், வந்த மாதத்தின் மீதி நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும், உன் கணக்கில் அது இடிக்கும். ஆனால் ஓஹிப் வாங்கினால் ஒன்டாரியோவில் உண்மையாகவே குடியிருக்கவேண்டும். முதல் 183 நாளில் 153 நாள் இங்கே இருக்கவேண்டும் என்று விதி. கார்டை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப முடியாது.

குடும்ப டாக்டர் கிடைக்கவில்லை என்று பயப்படாதே. இங்கே மிட்வைஃப் என்று பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் இருக்கிறார்கள். மாகாண அரசே அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது, ஓஹிப் வராதவர்களையும் பார்ப்பார்கள். வீடு தேடும்போதே மிட்வைஃப் கிளினிக்கில் பேர் கொடுத்துவிடு, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அக்காவுக்கு இப்போதே விசிட்டர் விசா போடு. பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசா இந்தக் கட்டத்தில் ஒத்துவராது. புதிதாக வந்த உங்களிடம் அதற்குக் கேட்கிற வருமானக் கணக்கு இருக்காது. தாய்வீட்டுக்கு மகள் போக முடியாவிட்டால் தாய் வரட்டும். பத்தியக் குழம்புப் பொடியும் பிள்ளைமருந்தும் அக்கா கொண்டுவருவாள், சுக்கும் பூண்டும் இங்கேயே கிடைக்கும்.

ஒன்று மட்டும் மனசில் வை. இங்கே பிறந்தவளுக்குக் கனடா பாஸ்போர்ட் எடுத்தால், தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதற்கு அவளுக்கு விசாவோ ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டையோ வேண்டும். நீங்கள் இருவரும் இந்தியக் குடிமக்கள் என்பதால் ஓசிஐ கிடைக்கும்.

டாக்டர் பயணம் வேண்டாம் என்றாலோ, நீயே ஊரில்தான் பெறுவேன் என்று முடிவெடுத்தாலோ, அதுவும் நல்ல வழிதான். ஆனால் அப்போது லேண்டிங் பக்கமே போகாதே. பிரசவம் முடியட்டும், குழந்தையை உன் விண்ணப்பத்தில் சேர்க்கவேண்டும், பிறகு மூன்று பேரும் சேர்ந்து இறங்குங்கள். கனடா குடிவரவுத் துறையான ஐஆர்சிசிக்கு இணையப் படிவம் (வெப்ஃபார்ம்) வழியாகத் தெரிவித்தால் சிஓபிஆரைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள், குழந்தைக்குப் படிவம், கட்டணம், பாஸ்போர்ட், மெடிக்கல் கேட்பார்கள். உங்கள் மெடிக்கலும் காலாவதியாகியிருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லலாம். குடியேறப் போதுமான பணம் இருக்கிறது என்று காட்டவேண்டிய கையிருப்புக் கணக்கும் மாறும். 2025 ஜூலையில் அறிவித்தபடி இரண்டு பேர் குடும்பத்துக்கு 19,001 டாலர் காட்டினால் போதும், மூன்று பேருக்கு 23,360. வித்தியாசத்தை இப்போதே வங்கியில் போட்டு வை. கடைசி வாரத்தில் மாமனார் கணக்கிலிருந்து வந்து விழுகிற பணத்தை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இந்த வழியில் நம் ஊர் வேலைகளில்தான் நாள் ஓடிப்போகும். ஆஸ்பத்திரியிலிருந்து பதிவாகி வருகிற பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் குழந்தையின் பேர் இருக்காது. ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் பேர் சேர்க்கலாம் என்று சட்டம் இருப்பதால் எல்லோரும் மெதுவாக இருப்பார்கள். உனக்கு அந்த ஒரு வருடம் கிடையாது. பேர் இல்லாத சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. ஜோசியர் எழுத்து சொல்ல எத்தனை நாள் எடுப்பார் என்று அக்காவிடம் இப்போதே கேட்டு வை. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் போட்டோ எடுப்பதில்லை. வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நீங்களே கொண்டுபோகவேண்டும். கண் திறந்திருக்கிற போட்டோ கிடைப்பதற்குள் ஸ்டுடியோக்காரர் களைத்துவிடுவார்.

காலாவதி தேதி தாண்டிவிடுமே என்று அக்கா பதறுகிறாள் என்றாய். சிஓபிஆரை நீட்டிக்க மாட்டார்கள், அது சரி. ஆனால் குழந்தை பிறந்ததை நீங்களே சொன்னால், புதிய விவரங்களோடு புதிதாகக் கொடுப்பதுதான் வழக்கம். தாமதம் ஆகும், அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்படவேண்டிய விஷயம் வேறு. உங்கள் கன்சல்டன்ட் சொன்னாராமே, 'குழந்தை பிறந்தாலும் யாரிடமும் சொல்லவேண்டாம், நீங்கள் போய் இறங்குங்கள், அப்புறம் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்' என்று. அந்த ஆளிடம் இனிமேல் பேசாதே. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. விண்ணப்ப காலத்தில் உனக்கு ஒரு குடும்ப உறுப்பினர் இருந்து, அவரை அதிகாரிகள் பரிசோதிக்காமல் நீ பிஆர் ஆகிவிட்டால், பிறகு அவரை நீ குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய முடியாது. எத்தனை வருடத்துக்கு என்று கேட்காதே, அதற்கு முடிவுத் தேதி போடவில்லை. விண்ணப்பம் போட்ட நாளில் பிள்ளை பிறக்கவில்லையே என்று வாதாடவும் முடியாது. அந்தக் காலம் நீ இறங்கும் நாள் வரைக்கும் நீளும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006லேயே சொல்லிவிட்டது. இறங்குமிடத்தில் அதிகாரி குடும்ப விவரத்தைக் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் கையெழுத்து வாங்குவார். அங்கே இல்லை என்று சொன்னால் தவறான தகவல் கொடுத்த குற்றமும் சேரும், உன் பிஆரே போகலாம்.

2019 செப்டம்பரில் இந்த விதிக்கு ஒரு தளர்வு கொண்டுவந்து, பிறகு நீட்டித்தார்கள். அதை யாராவது உனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நம்பி உட்காராதே. அது அகதிகளாக வந்தவர்களுக்கும், கணவன் மனைவி பிள்ளை என்று ஸ்பான்சரில் வந்தவர்களுக்கும் மட்டும். வேலைத் தகுதியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வருகிற உனக்கு அது இல்லை. மனிதாபிமான அடிப்படையில் கேட்கலாம், ஆனால் கைக்குழந்தையைப் பணயம் வைத்து அந்த வரிசையில் போய் நிற்பானேன்?

கடைசியாக, மாப்பிள்ளை 'நான் மட்டும் முதலில் போய் வேலை தேடட்டுமா' என்று கேட்டதற்கு. முடியாது. பிரதான விண்ணப்பதாரர் நீ. உனக்கு முன்னால் அவர் இறங்க முடியாது. வேலை தேடுவதை அங்கிருந்தே செய்யட்டும்.

இந்த வாரம் டாக்டரைப் பார், பயணத்தைப் பற்றி நேரடியாகக் கேள். அவர் சரி என்றால் அன்றைக்கே சொல், ஸ்கார்பரோவில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் காலியாகிறது, பேசி வைக்கிறேன். வேண்டாம் என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மூன்று பேருக்கான வங்கிக் கணக்கைத் தயார் செய்யச் சொல். வளைகாப்பு எங்கே என்று அக்கா சண்டை போட்டால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி