மகளிர் கால்பந்து அணியின் பழைய ஏடுகளைக் காப்பாற்றுங்கள்: மதுரை வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும், உடற்கல்வித் துறைத் தலைவர்களுக்கும், இணைவுக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மகளிர் கால்பந்து அணியில் லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரியாக, ஆடியவள் நான். அந்த அணியின் குழுப் படம் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் அடியில் இருந்த அட்டையை வெட்டிவிட்டார். ஆட்டக்காரிகளின் பெயர்கள் அந்த அட்டையோடு போய்விட்டன. கல்லூரியில் இன்னொரு பிரதி சுவரில் மாட்டியிருந்தது நினைவுக்கு வரவே, சென்ற ஆண்டு அங்கு போய்க் கேட்டேன். விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்தபோது பழைய படங்களும் பதிவேடுகளும் எடைக்குப் போடப்பட்டதாக அங்கிருந்த உதவியாளர் வருத்தத்தோடு சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஏடுகளுக்கு மதிப்பு உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்நாளில் மகளிர் அணி உருவான விதமே தனி. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று நான்கு கல்லூரிகள் வந்தால் அது நல்ல ஆண்டு. பதினோரு பேர் சேராத கல்லூரியில் கோ-கோ ஆடியவளும், நானூறு மீட்டர் ஓடியவளும், ஹேண்ட்பால் கோல்கீப்பரும் ஒரே வாரத்தில் கால்பந்து ஆட்டக்காரிகள் ஆனார்கள். ஆண்கள் அணி பயன்படுத்திக் கழித்த ஜெர்சியை முழங்கை வரை மடித்துவிட்டு ஆடினோம். அங்கிருந்து தேர்வாகி, முகாமில் பத்து நாள் பயிற்சி பெற்று, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்கு முன்பதிவில்லாத பெட்டியில் போய்வந்தோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பிய ஆண்டுகளும் உண்டு. அவையும் எழுதப்பட வேண்டியவையே.

இந்த வரலாறு மதுரைக்குள் மட்டும் அடங்கியதும் அல்ல. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் எல்லை அப்போது கன்னியாகுமரி வரை நீண்டிருந்தது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிரிந்தது. அதற்கு முன்பே 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும், 1985இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் தோன்றியிருந்தன. ஆகவே 1990க்கு முன் மதுரையின் பெயரை மார்பில் தாங்கி ஆடிய நாகர்கோவில் பெண்ணின் கதை, இன்று எந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரையொருவர் கைகாட்டும் நிலை எளிதில் வந்துவிடும். உங்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதன் காரணம் இதுதான்.

அன்றைய ஆட்டக்காரிகளைத் தேடுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. திருமணத்துக்குப் பின் பெண்ணின் முதலெழுத்து மாறிவிடுகிறது. சான்றிதழில் தந்தையின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து. ஆண்கள் அணியின் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பெரும்பாலோரைக் கண்டுபிடித்துவிடலாம். மகளிர் அணிப் பட்டியலை வைத்து அப்படிச் செய்ய இயலாது. உடன் ஆடியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இவள் இப்போது இன்ன ஊரில் இருக்கிறாள்" என்று சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்லக்கூடியவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது அறுபது வயது கடந்துவிட்டது.

இது பழம்பெருமை பற்றிய ஆசை மட்டுமன்று. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழக அளவில் ஆடியதாக ஒரு பெண் சான்று காட்டினால், அதன் உண்மைத்தன்மையை உறுதிப்படுத்தச் சொல்லிக் கல்லூரிக்குக் கடிதம் போகும். அங்கே ஏடு இல்லையென்றால் அவள் வியர்வைக்குச் சாட்சி இல்லை.

ஏடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து காட்டியிருக்கிறது. 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலின் குடிசன் பார்க்கில், பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் அணி ஆடியதைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அணி மட்டும் 1965 வரை கிடைத்த திடல்களில் ஆடியது. பின்னாளில் அதன் கதையை மீட்டெடுக்க, ஆட்டக்காரிகள் வீட்டில் பாதுகாத்த படங்களும் பத்திரிகைத் துணுக்குகளுமே பெரிதும் கைகொடுத்தன. இங்கே தடை ஏதும் போடப்படவில்லை. நம் கவனக்குறைவே அந்த வேலையைச் செய்துவருகிறது. 1980இல் கோழிக்கோட்டிலும் 1983இல் பாங்காக்கிலும் நடந்த ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டிகளில் இந்திய மகளிர் இரண்டாம் இடம் பெற்றார்கள் என்பதையே நம் கல்லூரி மாணவிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இன்றைய நிலை நம்பிக்கை தருகிறது. 2018இல் கட்டக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் பட்டம் பெற்றது. 2023இல் அமிர்தசரஸில் மீண்டும் பெற்றது. மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை லூதியானாவிலிருந்து கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பெண்கள் திடீரென முளைத்தவர்கள் அல்லர் என்பதைச் சொல்ல, அவர்களுக்கு முன் இதே வட்டாரத்து மண்ணில் ஓடியவர்களின் பெயர்கள் ஓரிடத்தில் இருக்கவேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. விளையாட்டு தொடர்பான எந்தப் பழைய பதிவேட்டையும் படம் பிடிக்காமல் கழிக்கக்கூடாது என்று இந்த மாதமே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கல்லூரி ஆண்டு மலர்களில் குழுப் படங்களும் போட்டி முடிவுகளும் இருக்கின்றன. நூலகத்தில் உள்ள மலர்களை ஸ்கேன் செய்யலாம். வரலாற்றுத் துறை முதுகலை மாணவிகளுக்கு இதையே ஆய்வுத் திட்டமாகக் கொடுத்து, மூத்த ஆட்டக்காரிகளின் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெயரை எழுதும்போது பழைய முதலெழுத்தையும் புதிய முதலெழுத்தையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். அணி அமையாத ஆண்டுகளை மறைக்காமல், ஏன் அமையவில்லை என்பதையும் அந்த வரலாறு சொல்லட்டும்.

என்னிடமுள்ள படத்தையும் இரண்டு சான்றிதழ்களையும் எப்போது கேட்டாலும் தருகிறேன். படத்தில் பதினாறு பேர் இருக்கிறோம். பன்னிரண்டு பேரின் பெயரைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற நால்வருக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஆட்டக்காரி ஒருத்தி,
மதுரை