மிரர் சர்வருக்கு எவ்வளவு பேண்ட்வித் தேவைப்படும்?

நண்பர்களே, உபுண்டு மிரர் (உபுண்டு இயங்குதளத்தின் கோப்புகளை நகலாக வைத்து மற்றவர்களுக்குத் தரும் சர்வர்) நடத்த முன்வந்திருப்பவர்கள் இணைப்பு வாங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் மாதம் முழுக்க நிற்காமல் ஓடினால் சுமார் 324 ஜிபி போகும். அப்படியானால் 100 மெகாபிட் இணைப்பு முழுதாக நிரம்பினாலும் மாதத்துக்கு 32 டிபிதான். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பதிப்பு வரும் நாளில் பத்தாது. டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) ஒன்று 6 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 1000 பேர் தரவிறக்கினால் 6 டிபி. நாள் முழுவதற்குமான சராசரியே நொடிக்கு 555 மெகாபிட், நெரிசல் நேரத்தில் அதற்கும் மேல். மாதச் சராசரியை நம்பாமல் உச்ச நாளுக்குக் கணக்குப் போடுங்கள்.

ஏற்கெனவே சர்வர் வைத்திருப்பவர்கள் லாக் கோப்பில் கோரிக்கைகளை எண்ண வேண்டாம். டவுன்லோட் மேனேஜர்கள் ஒரே கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும். லாக்கில் 206 (கோப்பின் ஒரு பகுதி மட்டும் போனது என்ற குறியீடு) என்று வரிசையாக நிற்கும். அனுப்பிய பைட்டுகளைக் கூட்டுங்கள். மொத்தக் கணக்குக்கு, நெட்வொர்க் போக்குவரத்தை அளக்கும் விஎன்ஸ்டாட் நிரல் போதும்.

அப்புறம், மூல சர்வரிலிருந்து கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் மாறியதை மட்டும்தான் இழுக்கும் என்றாலும் முதல் தடவை எல்லாமே வரும். அதற்கு வேக வரம்பு போட்டு இரவில் ஓட விடுங்கள்.

கணக்குப் போட்டவர்கள் எண்ணை இங்கேயே பதியுங்கள்.