வேலை மாறி ஏஐ ஆலோசகர் ஆனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சக ஆலோசகர்களுக்கு வணக்கம்.

கணக்கு, விற்பனை, மனிதவளம், ஆசிரியப் பணி என்று ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்டு, இப்போது சிறு நிறுவனங்களுக்கு ஏஐ-யும் ஆட்டோமேஷனும் அமைத்துத் தருகிறீர்கள். நானும் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவன்தான். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியான பிறகு இந்தப் பக்கம் திரும்பியவர்கள் நம்மில் பலர். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் "இனி இந்த வேலைக்கு ஆளே வேண்டாம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். அதை நிறுத்துவோமா என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம்மில் நிறையப் பேர் முதலில் காட்டும் டெமோ எது? மின்னஞ்சலில் வரும் சப்ளையர் பில்லை ஏஐ படித்து, கணக்கு மென்பொருளில் தானே பதிந்துவிடும். பார்க்க அழகாகத்தான் ஓடும். அப்புறம் ஒரு நாள் கிரெடிட் நோட் வரும். திருப்பி அனுப்பிய சரக்குக்காக சப்ளையர் கழித்துக்கொடுக்கும் தொகை அது. ஆனால் அதே லோகோ, அதே கட்டங்கள், கீழே ஒரு மொத்தம் என்று பில் போலவே இருக்கும். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால் கணக்கில் விழும் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு. தேதியும் அப்படித்தான். 03/04 என்றிருந்தால் மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா? குமாஸ்தாவாக இருந்தால் சந்தேகப்பட்டு ஒரு போன் போடுவார். ஏஐ மாடல் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த பில்லுக்குப் போய்விடும்.

கணக்கு எழுதியவருக்கு இந்த இடங்கள் தூக்கத்திலும் தெரியும். விற்பனையில் இருந்தவருக்கு வேறு இடங்கள் தெரியும். சுயவிவரத்தில் நாம் சுருக்கி எழுதப் பார்க்கும் அந்தப் பழைய வருடங்களுக்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டும். ஸேப்பியர் (Zapier), மேக் (Make) போன்ற ஆட்டோமேஷன் கருவிகளை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா உருவாக்கிய தறிகளில் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். 1924-இல் வந்த ஜி வகைத் தறி அதில் பேர்போனது. நிற்கத் தெரிந்த தறி என்பதால்தான் ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. ஜிடோக்கா என்ற பெயரில் அந்த யோசனை பிறகு டொயோட்டா கார் ஆலைகளுக்கும் போனது. நாம் கட்டுவதும் இப்படி நிற்க வேண்டும். தொகை மைனஸில் இருக்கிறதா, சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கிறதா, பில்லில் உள்ள தொகைகளைக் கூட்டினால் மொத்தம் ஒத்துவரவில்லையா? நிறுத்து, ஆளைக் கூப்பிடு. இந்தச் சோதனைகளுக்கு ஏஐ தேவையே இல்லை, சாதாரண சூத்திரம் போதும். மாடலிடமே "எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டு அது சொல்லும் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். தப்பாகப் படித்ததையும் அது தைரியமாகத்தான் சொல்லும்.

சாட்பாட் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர்களுக்கான சலுகைக் கட்டணம் பற்றி ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் நிறுவனத்தையே பொறுப்பாக்கி இழப்பீடு தரச் சொன்னது. விமான நிறுவனம், தாங்கிக்கொள்ளும். நாலு பேர் வேலை செய்யும் இடம் தாங்குமா?

ஏபிஐ சாவியும் (ஏஐ சேவையை மற்ற மென்பொருளோடு இணைக்கும் ரகசியக் குறியீடு) சந்தாக்களும் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கட்டும். இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன், பார்த்தவரை அப்படி இல்லை.

சரி, கேட்க வந்தது இதுதான். அடுத்த முறை விலைப்புள்ளி அனுப்பும்போது ஒரு பக்கம் கூடுதலாகச் சேருங்கள். எந்தெந்த நிலையில் இது நிற்கும், நின்றால் யாருக்குச் செய்தி போகும், அவர் லீவில் இருந்தால் யாருக்கு, அதுவரை வேலையைக் கையால் எப்படிச் செய்வது என்று அதில் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு, ஆளே வேண்டாம் என்று சொல்பவரிடம் போகும் வாடிக்கையாளரும் இருப்பார். போகட்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்